வெண்ட்ரிக்கிள்: இதயத்தில் இரண்டு, மூளையில் நான்கு

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போவது குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. மெடிக்கல் காலேஜ், ஸ்ரீ சித்திரா என்று வீட்டுக்கு ஒருவராவது போய் வந்திருப்பார்கள். அங்கே டாக்டர் மலையாளத்தில் விளக்குவார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுவது தமிழில். இந்தப் பயணத்தில் அடிக்கடி தடம் மாறிப்போகும் ஒரு சொல் ‘வெண்ட்ரிக்கிள்’.

பாட்டிக்குத் தலையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் வெண்ட்ரிக்கிள் பெரிதாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அதைக் கேட்ட பக்கத்து வீட்டு அண்ணன், “வெண்ட்ரிக்கிள்னா ஹார்ட்டுல்லா? பத்தாங் கிளாஸ்ல படிச்சோமே. நல்ல ஹார்ட் டாக்டராப் பாருங்க” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் இதய வெண்ட்ரிக்கிளைத்தான் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொன்னார்கள். மூளைக்குள்ளும் அதே பெயரில் அறைகள் உண்டு என்பது பலருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வரும் அன்றுதான் தெரியவருகிறது.

வெண்ட்ரிக்கிள் என்றால் உறுப்புக்குள் இருக்கும் ஒரு குழிவான அறை. இதயத்தில் இரண்டு, மூளையில் நான்கு. இரண்டு இடத்திலும் உள்ளே திரவம் இருக்கிறது. இவ்வளவுதான் ஒற்றுமை. செய்யும் வேலை முழுக்க வேறு.

ஒரு மோட்டாரும் ஒரு குளமும்

மலையடிவாரத்தில் ஒரு தோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே கிணற்றில் மோட்டார். அது ஓடினால் மேல்தட்டு வரை தண்ணீர் ஏறும்; நின்றால் ஒரு சொட்டும் ஏறாது. தோப்பின் இன்னொரு ஓரத்தில் சின்னதாக ஒரு குளம். அதற்கு மோட்டார் கிடையாது. அடியில் ஊற்று, ஓரத்தில் மறுகால். ஊறுவதும் வழிவதும் சரிக்குச் சரியாக இருக்கிறவரை தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

இதய வெண்ட்ரிக்கிள் மோட்டார் வகை. மூளை வெண்ட்ரிக்கிள் குளம். மோட்டாரில் கோளாறு என்றால் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்: தள்ளும் சக்தி இருக்கிறதா, வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று. குளம் ததும்பினால் யாரும் மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள். மறுகால் எங்கே அடைத்திருக்கிறது என்று மண்வெட்டியோடு கிளம்புவார்கள். இதயத்தில் ‘பெரிதாகியிருக்கிறது’ என்றால் பெரும்பாலும் சுவரைப் பற்றிய செய்தி. மூளையில் அதே வார்த்தை தண்ணீர்க் கணக்கைப் பற்றிய செய்தி. சில நேரம் அதுவும் இல்லை, கரை உள்வாங்கிவிட்டது என்று மட்டும் அர்த்தம். அதைப் பிறகு பார்ப்போம்.

இதயத்தின் கீழ் அறைகள்

இதயத்தில் மொத்தம் நான்கு அறைகள். மேலே இருக்கும் இரண்டும் ஏட்ரியம். பழைய பாடப்புத்தகத்தில் ஆரிக்கிள். அவை ரத்தத்தை வாங்கிக் கீழே இறக்குகின்றன. கீழே இருக்கும் இரண்டும் வெண்ட்ரிக்கிள்கள். ரத்தத்தை இதயத்தை விட்டு வெளியே தள்ளுவது இவைதான்.

வலது வெண்ட்ரிக்கிள் நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது வெண்ட்ரிக்கிள் உடம்பு முழுவதற்கும். இளைப்பாறும் நேரத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறக்குறைய 70 மி.லி. வெளியே போகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். இடது பக்கம் பெரிய வேலை செய்வதால் அதிக ரத்தம் அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சராசரியாக இரண்டும் ஒரே அளவுதான் அனுப்பியாக வேண்டும். வலது அனுப்பியதை இடது அனுப்பாவிட்டால் மிச்சம் நுரையீரலில் தேங்கும். மூச்சுத் திணறலோடு வரும் இதய நோயாளிகள் பலருக்கு நடப்பது இதுதான்.

வேறுபாடு அளவில் இல்லை, அழுத்தத்தில். நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் ரத்தக் குழாய்களும் எளிதாக வழிவிடும். வலது வெண்ட்ரிக்கிள் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொடுத்தாலே போதும். இடதுக்கு 120 வேண்டும். பி.பி. பார்த்துவிட்டு ‘120க்கு 80’ என்கிறார்களே, அந்த 120 இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது உண்டாக்கும் அழுத்தம். கீழ் எண்ணான 80 அதனுடையது இல்லை. வெண்ட்ரிக்கிள் தளரும்போது அதற்குள் அழுத்தம் பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மீள்தன்மையுள்ள தமனிகள்தான் 80ஐத் தாங்கிப் பிடிக்கின்றன. இடது சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன், வலது அதில் மூன்றில் ஒரு பங்கு இருப்பதற்குக் காரணமும் இந்த அழுத்த வித்தியாசமே.

பல வருடம் பி.பி.யைக் கவனிக்காமல் விட்டால் இடது வெண்ட்ரிக்கிள் கூடுதல் எதிர்ப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடிக்கும். எக்கோ ரிப்போர்ட்டில் ‘எல்.வி.ஹெச்.’ என்று வருவது இந்தத் தடிப்பு. தசை தடித்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஜிம்முக்குப் போகிறவரின் கைக்கு அது நல்லதாக இருக்கலாம். தடித்த வெண்ட்ரிக்கிளோ விறைத்துப்போகிறது, உள்ளே இடமும் குறைகிறது.

வால்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு வெண்ட்ரிக்கிளுக்கும் நுழைவாயிலில் ஒன்று, வெளிவாயிலில் ஒன்று. ரத்தம் பின்னால் போகாமல் தடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘லப்’ நுழைவாயில் வால்வுகள் மூடும் சத்தம், ‘டப்’ வெளிவாயில் வால்வுகள் மூடுவது. சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இந்த வால்வுகளைக் கெடுக்கக்கூடியது. அப்படிக் கெட்டவற்றுக்கு மாற்றாக, ஒற்றைத் தட்டு சாய்ந்து சாய்ந்து திறக்கும் செயற்கை வால்வைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. சித்ரா வால்வு என்று நாம் கேள்விப்படுவது அதைத்தான்.

‘ஹார்ட் அறுபது சதவீதம்தான் வேலை செய்யுதாம்’

எக்கோ எடுத்து வந்த வீட்டில் இந்த வாக்கியம் எழாமல் இருக்காது. ரிப்போர்ட்டில் ஈ.எஃப். 60 என்று இருக்கும். மீதி நாற்பது சதவீதம் போய்விட்டது என்று வீடே கலங்கிவிடும். எனக்குத் தெரிந்து இதயம் பற்றிய தவறான புரிதல்களில் அதிக உறக்கத்தைக் கெடுத்தது இதுவாகத்தான் இருக்கும். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஈ.எஃப். (எஜெக்ஷன் ஃப்ராக்ஷன்) என்பது, நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்ற விகிதம். இடது வெண்ட்ரிக்கிள் முழுதாக நிரம்பும்போது அதில் 120 மி.லி. ரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுருக்கத்தில் 70 மி.லி. வெளியே போகிறது. 120ல் 70 என்றால் 58 சதவீதம். மீதி 50 மி.லி. உள்ளேயே தங்கும், அது தங்கத்தான் வேண்டும். மாடிப்படி ஏறும்போதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதோ வெண்ட்ரிக்கிள் இன்னும் பலமாகச் சுருங்கி அந்தக் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆரோக்கியமான இதயத்தின் ஈ.எஃப். பொதுவாக 55க்கும் 70க்கும் இடையில்தான் இருக்கும். நூறு என்பது எவருக்கும் கிடையாது. 60 எடுத்தவர் தேர்வில் முதல் வகுப்பில் பாஸானவர். வீட்டார்தான் மார்க் குறைந்துவிட்டது என்று அழுகிறார்கள்.

40க்குக் கீழே போனால் தள்ளும் பலம் கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துப்போனால் இப்படி ஆகலாம். பலம் குறைந்த சுவர் மெல்ல மெல்ல விரிந்துகொடுக்கும், அறை பெரிதாகும். ‘ஹார்ட் வீங்கியிருக்கு’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்த விரிவை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஈ.எஃப். நன்றாக இருந்தாலே இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சுவர் விறைத்துப்போன ஒரு வெண்ட்ரிக்கிளில் 80 மி.லி. மட்டுமே நிரம்புகிறது, அதில் 50 மி.லி. வெளியே போகிறது என்றால் கணக்குப்படி ஈ.எஃப். 62. பார்க்க அழகான எண். ஆனால் உடம்புக்குக் கிடைப்பது 70க்குப் பதில் 50. தள்ளுவதில் குறையில்லை, நிரம்புவதில் குறை. வயதானவர்கள், பல வருட பி.பி., சர்க்கரை உள்ளவர்கள் “எக்கோ நார்மல்னுட்டாங்க, ஆனா நடந்தா மூச்சு வாங்குது” என்று சொல்லும்போது, இந்தக் கோணத்தையும் டாக்டரிடம் கேட்பது நியாயம்.

நிரம்ப முடியாத அறை: நம் கடற்கரையின் நோய்

வெண்ட்ரிக்கிள் தளர்ந்து நிரம்புவது, சுருங்குவது அளவுக்கே முக்கியம் என்பதைக் காட்ட வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை. எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு நோய். வெண்ட்ரிக்கிளின் உட்சுவர் தழும்பாகித் தடித்து இறுகிவிடும். சுருங்கும் தசை ஓரளவு நன்றாகவே இருக்கும்; ஆனால் அறை விரிந்துகொடுக்காது. உள்ளே வர வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்கி, கழுத்து நரம்பு புடைத்து, வயிற்றில் நீர் கோர்க்கும். உலகில் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளுக்கு அடுத்தபடியாக இது அதிகம் பேசப்பட்ட இடம் கேரளக் கடலோரம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இளைஞர்களும்தான் அதிகம் அகப்பட்டார்கள்.

மணவாளக்குறிச்சி மணலிலும் கொல்லம் பக்கத்துச் சவற மணலிலும் மோனசைட் என்ற கனிமம் இருப்பது நமக்குத் தெரிந்ததே. அதில் உள்ள சீரியம் என்ற தனிமமும், உணவில் மக்னீசியம் குறைவதும் சேர்ந்து இந்த நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று ஸ்ரீ சித்திராவின் முதல் இயக்குநரான எம். எஸ். வலியத்தானும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அது முடிவாக நிறுவப்படவில்லை. வறுமை, புழுத் தொல்லை, உணவு என்று வேறு காரணங்களும் பேசப்பட்டன. வாழ்க்கை வசதி கூடிய பிறகு நோய் கேரளத்தில் மிகவும் அருகிவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் கடற்கரைக்குப் போகப் பயப்பட வேண்டாம்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: இதயத்தின் இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் தசையாலான அறைகள். ஒரே அளவு ரத்தத்தை, வெவ்வேறு அழுத்தத்தில் தள்ளுகின்றன. சுவர் தடிக்கலாம், பலம் குறைந்து விரியலாம், விறைத்து நிரம்பாமல் போகலாம். எப்படிப் பார்த்தாலும் பேச்சு சுவரைப் பற்றியது.

மூளைக்குள் இருக்கும் குளம்

இனி தலைக்கு வருவோம். கருவில் மூளை உருவாகத் தொடங்கும்போது அது ஒரு குழாய். கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் அந்தக் குழாயின் இரண்டு முனையும் மூடிக்கொள்ளும். குழாயின் சுவர் தடித்துப் பெருகி மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிறது. நடுவில் எஞ்சிய வெற்றிடமே வெண்ட்ரிக்கிள்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கச் சொல்வது இந்தக் குழாய் சரியாக மூடுவதற்காக. நாள் தள்ளிப்போனது தெரிந்து, உறுதிசெய்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த நான்கு வாரம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

மொத்தம் நான்கு அறைகள். பெருமூளையின் வலது பாதிக்குள் ஒன்று, இடது பாதிக்குள் ஒன்று. இவை இரண்டும்தான் பெரியவை, வளைந்து கிடப்பவை. இரண்டும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான மூன்றாவது அறையில் திறக்கின்றன. அங்கிருந்து நடுமூளை வழியாக ஒரு குறுகிய வாய்க்கால் நான்காவது அறைக்குப் போகிறது. அதை அக்விடக்ட் என்பார்கள். அகலம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். நான்காவது அறை சிறுமூளைக்கு முன்னால் இருக்கிறது. அதில் உள்ள மூன்று சிறு துளைகள் வழியாகத் திரவம் வெளியேறி மூளையின் வெளிப்புறத்தையும் தண்டுவடத்தையும் சூழ்கிறது.

இந்த அறைகளுக்குத் தசை கிடையாது. சுருங்குவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. உள்ளே இருப்பது ரத்தமும் இல்லை. மூளைத் தண்டுவடத் திரவம் என்ற, பார்க்கத் தெளிந்த தண்ணீராகத் தெரியும் ஒன்று. அறைகளுக்குள்ளேயே கொத்துக் கொத்தாக ரத்த நாளங்கள் கொண்ட ஒரு மெல்லிய திசு இருக்கிறது, கோராய்டு பிளெக்சஸ் என்று பெயர். அதுதான் ஊற்று. ரத்தத்திலிருந்து தேர்ந்தெடுத்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மி.லி. திரவத்தை அது சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் மூளையிலும் தண்டுவடத்திலும் சேர்த்து இருப்பது சுமார் 150 மி.லி. மட்டும். அதிலும் அறைகளுக்குள் இருப்பது கால் பங்குக்கும் குறைவு. அதாவது ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் பழைய திரவம் போய்ப் புதியது வருகிறது. வெளியேறும் வழியில் முக்கியமானது மண்டையோட்டின் உச்சிக்கு அடியில் ஓடும் பெரிய சிரை. அங்கே அது மறுபடியும் ரத்தத்தில் கலந்துவிடும்.

இந்தத் திரவத்தால் என்ன பயன்? முதல் பயன் மிதப்பது. 1,400 கிராம் எடையுள்ள மூளை இதில் மிதக்கும்போது 50 கிராம் அளவுக்கே கனக்கிறது. இல்லாவிட்டால் தன் எடையாலேயே அடிப்பகுதி நசுங்கும். அடி பட்டால் தாங்குவது, கழிவுகளில் ஒரு பகுதியை அகற்றுவது, மூளையைச் சுற்றிய உப்புகளின் அளவைச் சீராக வைப்பது எல்லாம் அதற்கு மேல்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிடும் என்று ஒரு பயம் ஊரில் நிலைத்துவிட்டது. மூளைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசர நேரத்தில் குடும்பம் கையெழுத்துப் போட மறுப்பது இதனால்தான். ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு வரும் பகுதி. எடுப்பது சில மி.லி. மணிக்கு 20 மி.லி. ஊறும் ஒன்றில் 10 மி.லி. எடுத்தால் அரை மணியில் ஈடாகிவிடும். சிலருக்குப் பிறகு தலைவலி வருவது உண்மை. மூளைக்குள் அழுத்தம் அதிகம் என்ற சந்தேகம் இருந்தால் டாக்டர்களே முதலில் ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்கள்.

தலையில் நீர் கோர்ப்பது வேறு

தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் காயாமல் இருந்தால் ‘நீர் கோர்த்துக்கும்’ என்பார்கள் தமிழ்ப் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் ‘நீரிறக்கம்’. உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்ப்பது இரண்டு பக்கமும் உண்டு, நீர்க்கோவை மாத்திரையை உரசி நெற்றியில் பற்றுப் போடுவதும் உண்டு. இந்த வழக்கங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த ‘நீர்’ மூளை வெண்ட்ரிக்கிளில் இருக்கும் நீர் இல்லை. சளி பிடித்து முகம் கனப்பது சைனஸ் அறைகளால். அவை முக எலும்புகளுக்குள், மூக்கோடு தொடர்புள்ள காற்று அறைகள். மூளைத் திரவம் மண்டையோட்டுக்குள்ளே, உறைகளுக்கு உட்பட்டு, தனிப் பாதையில் போகிறது. எவ்வளவு நேரம் தலை நனைந்தாலும் அதில் ஒரு துளி கூடாது. எவ்வளவு ஆவி பிடித்தாலும் ஒரு துளி குறையாது. ‘மூளையில் நீர் இருக்கிறது’ என்று ரிப்போர்ட் சொன்னால் அதுவும் நோயில்லை. எல்லோர் மூளையிலும் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, வழி திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஒன்று துடிக்க மற்றது அசையும்

தசை இல்லாத அறைகளில் திரவம் எப்படி நகர்கிறது? ஊறும் புதுத் திரவம் பழையதைத் தள்ளுவது ஒரு காரணம். மூச்சு இழுத்து விடுவதும் அதை அசைக்கிறது. இன்னொன்று, இதயம்.

மண்டையோடு விரியாத பெட்டி. இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது மூளைக்குள் கூடுதல் ரத்தம் பாய்கிறது. அதற்கு இடம் வேண்டுமே. அந்த நொடியில் கொஞ்சம் திரவம் மூளையை விட்டு முதுகுத் தண்டுப் பக்கம் இறங்குகிறது, இதயம் தளரும்போது திரும்ப ஏறுகிறது. எம்.ஆர்.ஐ.யில் அந்த அக்விடக்டுக்குள் திரவம் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னும் பின்னும் போய் வருவதைப் பார்க்க முடியும். கைக்குழந்தையின் உச்சிக்குழி மெல்லத் துடிப்பதைக் குளிப்பாட்டும் பாட்டிமார் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதுவும் இதயத் துடிப்பு தலைக்குள் எழுப்பும் அலைதான்.

திரவத்தின் கதையும் இரண்டு இடத்தையும் இணைக்கிறது. இடது வெண்ட்ரிக்கிள் அனுப்பிய ரத்தத்திலிருந்து அது சுரக்கிறது. சிரையில் கலந்த பிறகு வலது வெண்ட்ரிக்கிளுக்கு வந்துசேர்கிறது. அழுத்தத்தில் மட்டும் பெரிய இடைவெளி: இடது வெண்ட்ரிக்கிளில் 120 என்றால், படுத்திருக்கும் ஒருவரின் மூளை அறைகளில் 7 முதல் 15 வரைதான்.

பழைய காலத்து அறிஞர்கள் இரண்டிலுமே தவறியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், இதய வெண்ட்ரிக்கிள்களுக்கு நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ரத்தம் அதன் வழியே கசிகிறது என்றார். மூளை அறைகளில் உயிராற்றல் போன்ற ஒரு நுண்பொருள் நிறைந்திருப்பதாகவும் சொன்னார். பின்னால் வந்தவர்கள் முன் அறையில் கற்பனை, நடு அறையில் அறிவு, பின் அறையில் நினைவாற்றல் என்று வீடு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். துளைகள் இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல் நஃபீஸ் எழுதினார். ரத்தச் சுழற்சி முழுவதையும் 1628ல் வில்லியம் ஹார்வி நிறுவினார். மூளை அறைகளின் உண்மையான வடிவத்தை அறிய, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டோ டா வின்சி ஒரு மாட்டு மூளைக்குள் உருகிய மெழுகை ஊற்றி, அது இறுகியதும் வார்ப்பை எடுத்துப் பார்த்தார்.

திரட்டிச் சொன்னால்: மூளையின் நான்கு அறைகளும் தசையற்றவை. அவற்றுக்குள் திரவம் ஊறுகிறது, ஒரு பாதையில் நகர்கிறது, ரத்தத்தில் கலக்கிறது. ஊறும் அளவும் வெளியேறும் அளவும் சமமாக இருந்தால் எல்லாம் சரி.

மறுகால் அடைத்தால்

வெளியேற்றம் தடைபட்டாலும் ஊற்று நிற்பதில்லை. திரவம் தேங்கி அறைகள் விரிந்து மூளையை உள்ளிருந்து அழுத்தும். இதற்கு ஹைட்ரோகெஃபலஸ் என்று பெயர். பிறவியிலேயே அக்விடக்ட் ஒடுங்கியிருக்கலாம், கட்டி ஒன்று வழியை மறிக்கலாம். நம் நாட்டில் மறக்கக்கூடாத ஒரு காரணம் காசநோய்: மூளையுறையில் காசநோய் வந்தால் மூளையின் அடிப்பகுதியில் கெட்டியான கசிவு படிந்து பாதையை அடைத்துவிடும்.

கைக்குழந்தைக்கும் பெரியவருக்கும் இது வெளிப்படும் விதம் வேறு. குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராததால் தலை பெரிதாகிக்கொண்டே போகும், உச்சிக்குழி புடைக்கும். கிராமச் செவிலியர் டேப்பை வைத்துத் தலைச் சுற்றளவு எடுப்பது சும்மா இல்லை. பிறந்தபோது 35 சென்டிமீட்டருக்கு அருகில் இருக்கும் தலை, முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 சென்டிமீட்டர் அளவில் வளரும். அதைவிட வேகம் என்றால் உச்சிக்குழி வழியாகவே அல்ட்ராசவுண்ட் வைத்து அறைகளைப் பார்த்துவிடலாம். அங்கே எலும்பு மறைப்பதில்லை. பெரியவர்களுக்குத் தலை விரிய வழியில்லை. அதனால் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பிறகு மயக்கம் என்று வேகமாக முற்றக்கூடும்.

வயதானவர்களிடம் மட்டும் மெதுவாக வரும் ஒரு வகை இருக்கிறது. நடை முதலில் கெடும். பாதம் தரையைவிட்டு எழாமல் சின்னச் சின்னதாக எட்டு வைப்பார்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போகும். நினைவு மங்கும். 1965ல் ஹகீம், ஆடம்ஸ் ஆகியோரின் கட்டுரைகள் மூலம் இது பரவலாக அறியப்பட்டது. வயசானா இப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிடுவது இதில் நடக்கும் பெரிய இழப்பு. ஏனென்றால் மறதி வரும் நோய்களில் சிகிச்சையால் மீட்கக்கூடிய சிலவற்றில் இது ஒன்று. முதுகில் 30 முதல் 50 மி.லி. வரை நீர் எடுத்துவிட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நடை தேறினால் சிகிச்சை பலிக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது முதலில் சொன்ன பாட்டியின் ஸ்கேனுக்கு வருகிறேன். எழுபது, எண்பது வயதில் மூளை கொஞ்சம் சுருங்குவது இயல்பு. மூளை சுருங்கினால் நடுவில் உள்ள அறை பெரிதாகத் தெரியும். கரை உள்வாங்கியதால் குளம் அகலமாகத் தோன்றுகிறது. தண்ணீர் தேங்கவில்லை, அழுத்தமும் கூடவில்லை. ரிப்போர்ட்டில் வெண்ட்ரிக்கிள் விரிவோடு ‘வயது சார்ந்த சுருக்கம்’ என்ற பொருளில் ஒரு வரி சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு அறுவைச் சிகிச்சை கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் நடை, சிறுநீர், நினைவு மூன்றில் புதிதாக ஏதாவது கெட்டிருந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது அவர்களுக்கும் சில நேரம் கடினம்.

வழி வெட்டிவிடுவது

உண்மையான அடைப்பு என்றால் மருந்து மாத்திரையால் நிரந்தரத் தீர்வு கிடைப்பது அரிது. மறுகால் வெட்டிவிட வேண்டும். ஒரு முறை, எண்டோஸ்கோப் வழியாக மூன்றாவது அறையின் தளத்தில் சிறு துளையிட்டுத் திரவத்துக்கு மாற்று வழி கொடுப்பது. அக்விடக்ட் அடைத்தவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். இன்னொன்று ஷண்ட். மூளையின் பெரிய அறையிலிருந்து தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயை இறக்கி வயிற்று அறையில் விடுவார்கள். அங்கே உடம்பு திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் உள்ள வால்வு தேவைக்கு மேல் வடியாமல் பார்த்துக்கொள்ளும்.

ஆந்திர எல்லையை ஒட்டிய வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கேரளத்துக்காரரான ஜேக்கப் சாண்டி 1949ல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியபோது அப்படி நம்பகமான ஒரு வால்வு உலகில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற மெக்கானிக்கின் மகன் ஹைட்ரோகெஃபலஸோடு பிறந்தான். அவனுக்காக அப்பா சிலிக்கோனில் ஒரு வால்வைச் செய்தார். 1956 முதல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்த வால்வோடு வந்த தொடக்க கால ஷண்டுகளின் மறுமுனையைப் பெரும்பாலும் வயிற்றில் விடவில்லை. கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் வலது ஏட்ரியத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வயிற்றில் புண்ணோ தொற்றோ இருப்பவர்களுக்கு இன்றும் அந்த வழி பயன்படுகிறது.

ஷண்ட் வைத்தவர் மற்றவர்களைப் போலப் படிக்கலாம், வேலைக்குப் போகலாம். குழாய் அடைத்துக்கொள்வதும் கிருமி தொற்றுவதும்தான் அதன் இரண்டு தொல்லைகள். ஷண்ட் உள்ள குழந்தைக்குத் திரும்பத் திரும்பத் தலைவலியோ வாந்தியோ வந்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தால், அதை அஜீரணம் என்றோ நீர் கோர்த்தது என்றோ வைத்துக்கொண்டு ஒரு இரவைக் கடத்தக்கூடாது. அன்றைக்கே நரம்பியல் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது எந்த வருடம் ஷண்ட் வைத்தது, எந்த வகை என்று எழுதியிருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.